பெயரைத் திருத்துவோர்

திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் கரையோரத் தெருவில் இருக்கும் எங்கள் கிராமத்தின் பெயர் திரியாய். தமிழில் நான்கே எழுத்து. குழந்தையும் பிழையறச் சொல்லும். எனினும் அப்பெயரை அரசாங்கப் படங்களிலும், புதைபொருள் ஆராய்ச்சி நூல்களிலும், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் தேடிச் செல்லும் ஒருவர், சிங்களத்தில் அது ஈற்றிலே ஓர் அகரத்தைப் பெற்றுத் 'திரியாய' என்று நிற்பதையும், ஆங்கிலத்தில் எழுதுவோர் தத்தம் செவிக்கும் மனப்போக்குக்கும் இசைய அதனை மூன்று நான்கு விதமாக எழுத்துக்கூட்டியிருப்பதையும் கண்டு, இவையாவும் ஒரே ஊர்தானா என்று சிறிது நேரம் சந்தேகிப்பார். வெளியூருக்குப் போகும் திரியாய்க்காரருக்குத் தம் ஊர்ப்பெயரை இரண்டாந்தரம் சொல்ல நேர்வதும், சொன்ன பிறகும் கேட்டவர் 'ஓ, திரியாயவா?' என்று அதனைத் திருத்தித் திரும்பக் கொடுப்பதும் பழகிப்போன விஷயங்கள்.

இதன் பொருட்டு எவர்மீதும் கோபங்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அதற்குக் காரணம் எங்கள் ஊர்ப் பாறையே. நாம் கந்தசாமி மலை என்று வழங்கும் குன்றில், சிங்கள மக்கள் கிரிஹண்டு சேய என்று போற்றும் வட்டவடிவான பழைய பௌத்த சைத்தியம் ஒன்றின் அழிபாடுகள் இருக்கின்றன. அங்கே ஒரு பாறையில், பல்லவர் காலத்துக் கிரந்த எழுத்தை ஒத்த வரிவடிவத்தில், வடமொழிச் சாசனம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. பேராசிரியர் பரணவிதான முதலிய அறிஞர்கள் வாசித்து வெளியிட்ட அச்சாசனம், கிரிகண்டி என்னும் அச்சைத்தியத்தைத் திரபுஸகர், வல்லிககர் என்ற வணிகக் கூட்டத்தார் நிறுவினர் என்று கூறுகிறது. புத்தர் ஞானம் பெற்றபின் அவருக்கு முதன்முதல் உணவளித்தவர்கள் எனப் பௌத்த இலக்கியம் சொல்லும் இரு வர்த்தகரின் பெயரை நினைவூட்டுவது இது. அவ்விருவரும் பாளி நூல்களில் தபுஸ்ஸர், பல்லிகர் ஆகின்றனர். சிங்கள வழக்கில் தபஸ்ஸு, பல்லுக ஆகின்றனர். பர்மியரோ தம் நாவுக்கேற்ப வேறு விதமாகச் சொல்லி, ஷ்வேடகோன் தூபியின் வரலாற்றோடு அவர்களை இணைத்துக்கொண்டனர். ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் கிடக்கும் அக்கல்லிலே இருப்பதுகூட அவ்வணிகர் தாமே தம்மைச் சொல்லிக்கொண்ட உச்சரிப்புத்தானா என்பதற்குப் பிரமாணம் எதுவுமில்லை. கடல் கடந்த பெயர் திரியும். வாய் மாறிய பெயர் தேயும். அதில் குற்றங் காண்பது காற்றோடு வழக்காடுவதாகும்.

ஆனால் நா இயல்பாகத் திரிப்பது ஒன்று. தெரிந்தவர் என்ற ஹோதாவில் ஒருவர் பேனாவைக் கையிலெடுத்துப் பிறர் பெயரைத் 'திருத்துவது' முற்றிலும் வேறொன்று. முன்னதில் சொல்பவருக்குத் தம் குறை தெரியும். ஒருகால் வெட்கமும் இருக்கும். இன்னொரு தரம் சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்ளவும் கூடும். பின்னதிலோ பிழை செய்பவர் ஆசிரியராகவும், பிழையற்றவர் மாணாக்கராகவும் இடம் மாறி அமர்ந்துவிடுகின்றனர். இந்நாட்டுத் தமிழர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அனுபவித்து வந்திருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையையே என்பதும், அதனை நாமும் பிறருக்கு இழைத்து வருகிறோம் என்பதுமே நான் இங்கு சொல்ல விரும்புவது.

ஊர்ப்பெயருக்கும் ஆட்பெயருக்கும் உள்ள வித்தியாசத்தை முதலிலே சொல்லிவிடுதல் நலம். ஊர் காத்திருக்கும். சம்பந்தர் பாடிய கோணமாமலை, ஆங்கிலேயர் வாயில் திரிங்கோமலி ஆயிற்று. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் அவர்கள் கட்டிய போர்க்கப்பல் ஒன்றுக்கு அந்தப் பெயரையே இட்டனர். பின்பு பயிற்சிக் கப்பலாக அது நெடுங்காலம் பூட்ரொயாண்ட் என்ற வேறொரு பெயரைச் சுமந்து, 1992இல் மீண்டும் திரிங்கோமலி ஆகி, இன்று இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் காட்சிப்பொருளாய் நிற்கிறது. இத்தனைக்கும் கோணமலை கோணமலையாகவே இருக்கிறது. கோயிலுக்குப் போகும் கிழவி எவளும் திரிங்கோமலிக்குப் போவதாகச் சொல்வதில்லை. மனிதனுக்கு அந்த ஆயுள் இல்லை. அறுபது எழுபது ஆண்டுகளுக்குள் அவன் பெயர் பள்ளி இடாப்பிலும், கலியாணப் பதிவிலும், காணி உறுதியிலும், கடைசியாக மரணச் சான்றிதழிலும் ஏறி முடிந்துவிடுகிறது. இடையில் நுழைந்த பிழை அவனோடு சேர்ந்தே அடக்கமாகிறது.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய பாடசாலைகளின் வரலாறு இதற்கு முதல் சாட்சி. வட்டுக்கோட்டைச் செமினரி முதலியவற்றில் தங்கிப் படித்த பிள்ளைகளின் பராமரிப்புக்கு அமெரிக்காவில் பணம் கொடுத்தவர்கள், அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் உரிமையைப் பெற்றிருந்தனர். அவ்வாறே விசுவநாதபிள்ளை கறோல் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். பிற்காலத்தில் பாவலர் சரித்திர தீபகம் இயற்றிய சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். பிள்ளைகளும் அந்தக் கல்வியால் பெரும்பயன் அடைந்தார்கள். அதை மறுப்பது நன்றிகேடாகும். ஆயினும், சிறுவன் ஒருவன் தன் சோற்றுக்கும் புத்தகத்துக்கும் விலையாகத் தன் பெயரின் முற்பகுதியைக் கொடுத்தான் என்பதையும் மறைக்க இயலாது.

இவர்களுள் 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்த தாமோதரம்பிள்ளையின் கதை தனிச் சுவையுடையது. அவருக்குக் கிடைத்த பெயர் சார்ள்ஸ் வின்ஸ்லோ. விசுவநாதபிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாகத் தேறி, ஏடுகளில் செல்லரித்துக் கொண்டிருந்த தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய அந்தப் பெரியார், சைவராக மீண்ட பிறகும் ஆங்கில முதலெழுத்துகளைக் களையவில்லை; தமிழில் அவை சி. வை. என்று நின்றன. தமிழுலகமோ அவற்றைச் சிறுப்பிட்டி வைரவநாதர் என்று ஊரும் தந்தையுமாக விரித்துக்கொண்டது. நியூ இங்கிலாந்து மாதாகோயில் ஒன்றில் முதல்முதல் சொல்லப்பட்டிருக்கக்கூடிய ஒரு பெயரின் இரு எழுத்துகள், சிறுப்பிட்டி வைரவரைச் சென்றடைந்தமை ஈழத்துத் தமிழ் வரலாற்றில் எனக்குப் பெரிதும் பிடித்த குறும்புகளில் ஒன்று. பெயரைப் பறித்தவரோடு மல்லுக்கு நிற்காமல், பறிக்கப்பட்ட இடத்திலேயே பழையதைச் சந்தடியின்றிக் கொண்டுபோய் வைத்துவிடும் இந்தச் சாமர்த்தியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எல்லோர் பெயரும் அப்படி இரண்டு எழுத்தில் பொருந்துவதுமில்லை.

பெயரை மாற்றுவதெல்லாம் கொடுமை என்று நான் சொல்ல வரவில்லை. உ. வே. சாமிநாதையருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்கப் போன இளைஞரிடம், வீட்டிலே வேறு பெயர் சொல்லி அழைப்பதுண்டா என்று ஆசிரியர் விசாரித்தார். சாமிநாதன் என்று அழைப்பதுண்டு என்று அறிந்து, அந்தப் பெயரையே தாமும் வழங்கலானார். ஆசிரியருக்குப் பிடித்த பெயர் மாணாக்கரின் வீட்டிலிருந்தே வந்தது. கேட்ட பின் வந்தது. வேதாசலம் என்ற பெயரோடு வளர்ந்தவர் தம்மை மறைமலையடிகள் என்று ஆக்கிக்கொண்டதும் அவ்வாறே அவருடைய சுதந்திரம். உடையவன் மாற்றலாம், உடையவனைக் கேட்டு உற்றவர் மாற்றலாம், கேளாமல் மாற்றுவதற்கு எவருக்கும் அதிகாரமில்லை, அவர் அரசாங்க முத்திரையைக் கையில் வைத்திருப்பவராயினும்.

அந்த முத்திரையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தும் கந்தோர்களின் நடைமுறையில் பெரிய மாறுதல் ஏற்படவில்லை. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்று எழுதும்வரை ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றுவிட்டது. இதனிடையே 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்படலாயிற்று. வடக்கு கிழக்குக்கு வெளியே பதிந்தவர்களுக்கு அந்த அட்டை நெடுங்காலம் சிங்களத்தில் மட்டுமே எழுதப்பட்டு வந்தது. சிங்கள எழுத்தில் ழகரம் இல்லை. எனவே யாழினி என்னும் பெண் அங்கே யாளினி ஆவாள். அந்தச் சிங்கள எழுத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுபவர், தமக்குத் தெரிந்த மட்டில் நெடிலைக் குறிலாக்கி எழுதுவார். அந்த ஆங்கிலத்தைப் பார்த்துப் பிறிதொரு கந்தோரில் மீண்டும் தமிழாக்கும் இலிகிதர், அவர் தமிழராகவே இருந்தாலும், யலினி என்று எழுதி வைப்பார். மூன்று மொழிகளையும் சுற்றி வீடு திரும்பிய அந்தப் பெயரைப் பெற்ற தாயாலும் இனங்காண முடியாது. இதில் எவரும் துவேஷத்தால் எதையும் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் இருந்த கடதாசியை மாத்திரம் பார்த்தார்கள். எதிரே நின்ற மனிதரை ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் ஊரைப் போன்ற இடங்களில் இதன் பாரம் இன்னும் அதிகம். 1985ஆம் ஆண்டின் வன்செயலில் திரியாயில் வீடுகள் எரிந்தன. சனங்கள் இடம்பெயர்ந்து, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வருடக்கணக்காக இருந்து, சிறுகச் சிறுகத் திரும்பினார்கள். எரிந்த வீட்டில் இருந்த பெட்டகத்தோடு பிறப்புச் சாட்சிப்பத்திரமும் காணிப் பத்திரமும் போயின. பிறகு நிவாரணத்துக்கென ஒருவரும், பங்கீட்டுக்கென ஒருவரும், வாக்காளர் இடாப்புக்கென ஒருவரும் வந்து, வாயால் சொன்னதைக் காதால் கேட்டு எழுதிக்கொண்டு போன பட்டியல்களில், ஒரே ஆளுக்கு மூன்று பெயர் விளைந்தது. காணிக்கு அனுமதிப்பத்திரம் கேட்கும் நாளில், முதியோர் கொடுப்பனவு கேட்கும் நாளில், அல்லது வெளிநாட்டில் இருக்கும் மகன் காசு அனுப்பி வங்கியில் எடுக்கப் போகும் நாளில், அந்த மூன்று பெயரும் தாம் ஒருவரே என்று அந்த மனிதர் நிரூபித்தாக வேண்டும். கிராம அலுவலரிடம் கடிதம், சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, பிரதேச செயலகத்தில் தவணை என்று அவருடைய அலைச்சல் ஆரம்பமாகும். பிழை விட்டவருக்கு ஒரு நிமிஷம். பிழை திருத்தப் போனவருக்கு வருஷம். சத்தியம் செய்யவேண்டியவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள்: பிழையாக எழுதியவர் அல்லர், சரியாகச் சொன்னவர்!

இவ்விஷயத்தில் செய்யத்தக்கது இன்னதென்று கிரிக்கெட் உலகம் ஒருமுறை காட்டியது என்றால் சிலர் வியப்பர். 2007இல் அவுஸ்திரேலியாவும் இலங்கையும் விளையாடும் டெஸ்ட் தொடருக்கு வோர்ன், முரளிதரன் ஆகிய இருவரின் பெயரில் ஒரு கிண்ணம் ஏற்படுத்த எண்ணியபோது, அதிலே பெயரைப் பொறிப்பதற்கு முன் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் சபையினர், முரளிதரனின் பெயரை எவ்வாறு எழுதவேண்டும் என்று அவரிடமே விசாரித்தனர். பத்திரிகைகள் பதினைந்து ஆண்டுகளாகத் 'த'கரத்துக்கு எழுதி வந்த ஆங்கில எழுத்து வேறு. அவர் தெரிவித்தது, நாம் அப்பெயரில் ஒலிக்கும் மெல்லிய தகரத்துக்கு ஏற்ற எழுத்து. அதையே அவர்கள் ஏற்றார்கள். அவ்வாண்டு டிசம்பர் 3ஆந் திகதி கண்டி அஸ்கிரிய மைதானத்தில் வோர்னின் 708 விக்கெட் சாதனையை அவர் கடந்தபோது வெளியான முதல்நாள் தபாலுறையின் முத்திரையிலும் அந்த எழுத்துக்கூட்டலே இருந்தது. 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டோடு அவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபோதோ, உலகத்துப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை பழையபடியே எழுதின, இன்றும் எழுதுகின்றன. உலகத்திலே எவரும் வீழ்த்தாத அளவு விக்கெட்டுகளை வீழ்த்தியவருக்கே தம் பெயரின் ஓர் எழுத்தை மீட்க முடியவில்லையெனில், குச்சவெளிக் கந்தோரின் வாங்கில் காத்திருக்கும் கமக்காரரின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

அறியாமையென்று தோன்றுவது சில வேளைகளில் அறியாமையே அன்று என்பதற்கும் சமீப காலத்தில் உதாரணமுண்டு. தமிழ்நாட்டுத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட சியாமளா கோபாலனின் மகளான கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில், மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அவரோடு ஒரே செனற் சபையில் இருந்த டேவிட் பெர்டியூ, ஜோர்ஜியாவில் நடந்த கூட்டமொன்றில் அப்பெயரை வேண்டுமென்றே பலவிதமாக உருட்டிச் சொல்லிச் சனங்களைச் சிரிக்க வைத்தார். மூன்றெழுத்துப் பெயர், சொல்ல இயலாத பெயரன்று. இது நாவின் குறையாக இருக்க முடியாது. நீ எங்களவள் அல்லள் என்பதைச் சட்டத்துக்கு அகப்படாமல் சொல்வதற்கு, பெயரைக் காட்டிலும் இலகுவான கருவி வேறில்லை.

இவ்வளவும் பேசிய பின் நம் வீட்டு முற்றத்தையும் பார்க்க வேண்டாமா? தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களைத் திறந்தால் ராஜபக்சே, சிறிசேனா, விக்கிரமசிங்கே என்ற பெயர்கள் காணப்படும்; அப்பெயர்களை உடைய சிங்களவர் எவரும் தம்மை அவ்வாறு சொல்லிக்கொள்வதில்லை. ராஜபக்ஷ என்றும், சிறிசேன என்றும், விக்கிரமசிங்க என்றும் எழுதத் தமிழெழுத்தில் தடையொன்றும் இல்லாதபோது, ஆங்கிலத்தில் கண்டதை நம் மனம்போல வாசித்து, அதையே சரியென்று அச்சிட்டு வருகிறோம். அவர்களுடைய அரசியலில் நமக்குள்ள வழக்கு வேறு, பெயரில் வழக்கில்லை. பண்டாரநாயக்க என்பதைப் பண்டாரநாயக்கா என்று நீட்டுவதில் ஈழத்துத் தமிழரும் பின்வாங்கியதில்லை. எங்கள் ஊருக்குச் சிங்களத்தார் சேர்த்த அகரம் ஓர் எழுத்து. அவர்கள் பெயருக்கு நாம் சேர்த்த நெடிலும் அவ்வளவே. எங்கள் அயலில் வாழும் முஸ்லிம் மக்களின் ஹனீபாக்களை அனிபாக்கள் ஆக்கிய தமிழ் இடாப்புகளும் ஒன்றிரண்டல்ல.

நமக்குள்ளே நடப்பது இன்னும் விசித்திரம். ஜெயராஜா என்று பதிந்துகொண்டவரைச் செயராசா ஆக்கும் பத்திராதிபரும், ரவி என்பவருக்கு இகரம் ஒன்றை முன்னே சேர்த்து இரவி என்று அனுப்பும் புலவரும் ஒருபுறம். வைரவி என்று தகப்பன் சொல்ல, 'அது பிழை, பைரவி என்பதே சுத்தம்' என்று பதிந்துகொடுக்கும் படித்தவர் மறுபுறம். ஒருவர் தமிழ் இலக்கணத்தின் பேராலும், மற்றவர் வடமொழியின் பேராலும் ஒரே அபகாரத்தைச் செய்கின்றனர். வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதும் விதியைத் தொல்காப்பியர் சொன்னது மெய். அது சொற்களுக்குச் சொன்ன விதி. சொந்தக்காரர் உயிரோடு எதிரே நிற்கும் பெயருக்கு அவரைக் கேளாமல் அவ்விதியைப் பிரயோகிப்பதைப் புலமை என்று ஒப்ப என்னால் இயலாது. திருத்தும் ஆர்வம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2020இல் தமிழ்நாட்டு அரசாங்கம் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு இசைய மாற்ற வெளியிட்ட ஆணையே போதும். நோக்கம் நல்லது, ஆனால் வேலூரை வீலூர் என்று வாசிக்கும்படி எழுதிவைத்த அந்தப் பட்டியலைக் கண்டு ஊராரே சிரித்தனர், சில நாட்களுக்குள் ஆணை மீளப் பெறப்பட்டது. உடையவரைக் கேளாமல் செய்யும் திருத்தம், உடையவரின் மொழியிலேயே செய்யப்பட்டாலும் பிழையாகவே முடியும்.

கடல் கடந்து ரொறன்ரோவிலும் லண்டனிலும் குடியேறிய நம்மவர்க்கு வேறொரு சங்கடம். தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. தகப்பன் பெயரும் தன் பெயருமே உண்டு. அங்குள்ள படிவங்களோ முதற்பெயர், கடைப்பெயர் என்று இரு கட்டங்களை வைத்துக்கொண்டு இரண்டையும் நிரப்பினால்தான் ஆளை ஏற்கும். அதன் பயனாக மகன் வேலைத்தலத்தில் தகப்பன் பெயரால் அழைக்கப்படுகிறான். பேரப்பிள்ளைக்குப் பாட்டன் பெயர் குடும்பப் பெயராக ஒட்டிக்கொள்கிறது. இது ஒரு புது வழக்கமாக வேரூன்றிவிட்டபடியால், இனி அதை நொந்து பயனில்லை. அப்பிள்ளைகள் தம் பெயரைத் தாம் சொல்கிற விதமே அவர்களுக்குச் சரி. ஊரிலிருந்து விடுமுறைக்குச் செல்லும் பெரியப்பாமார் அதையும் திருத்தப் புறப்படாமல் இருப்பார்களாக.

பிரதேச செயலகங்களிலும், பாடசாலைகளிலும், வைத்தியசாலைகளிலும் பேனா பிடித்திருக்கும் உத்தியோகஸ்தர்களிடம் நான் வேண்டுவது மிகச் சிறிது. பெயரை எழுதுமுன் கேளுங்கள். எழுதியதை உரக்க வாசித்துக் காட்டுங்கள். தமிழர் பெயருக்குத் தமிழெழுத்தையும், சிங்களவர் பெயருக்குச் சிங்கள எழுத்தையும் மூலமாகக் கொண்டு, மற்ற மொழிகளில் எழுதுவதை அந்த மூலத்திலிருந்தே எழுதுங்கள். பிழை உங்கள் கந்தோரில் நேர்ந்ததென்று தெரிந்தால், சத்தியக்கடதாசிக்கு ஏழையை அனுப்பாமல் நீங்களே அதைத் திருத்திக் கையொப்பமிடுங்கள். பிள்ளைக்குப் பிறப்புப் பதியப் போகும் பெற்றோரிடமும் ஒரு விண்ணப்பம்: பிள்ளையின் பெயரை ஒரு துண்டுக் கடதாசியில் உங்கள் கையால் தமிழில் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள், பதிவாளர் எழுதி முடித்ததும் எழுத்தெழுத்தாக அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஓர் எழுத்து மாறியிருந்தாலும், பின்னால் வரிசையில் எத்தனை பேர் நின்றாலும், அது திருத்தப்படும்வரை கையொப்பம் இடாதீர்கள்.